மூன்றாவது ஓலை

பிளாக் 19, நெய்வேலி
11.2.1998

சோபியாவுக்கு,

கிளமென்ட் எழுதுகிறேன். வீட்டு முகவரிக்குப் போட்டால் முதலில் உங்கள் அண்ணன் கையில்தான் கிடைக்கும் என்ற பயத்தில், நீங்கள் வேலை செய்யும் நெல்லிக்குப்பம் ஆஸ்பத்திரிக்கே போடுகிறேன். நர்ஸ் சோபியா என்று எழுதினால் தபால்காரர் கண்டுபிடித்துவிடுவார் என்ற நம்பிக்கைதான்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு முதலில் மன்னிப்பு. நம் கல்யாண ஓலையை எங்கள் கோயிலில் இரண்டாவது முறை வாசிப்பதைக் காதால் கேட்க வேண்டும் என்று உங்கள் மைக்கேல் அண்ணன் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறார். வந்து பார்த்தால் முன் பெஞ்சில் என் அம்மா மட்டும் தனியாக. சாமியார் என் பெயரை வாசித்ததும் பாதிக் கோயில் திரும்பித் தேடியதாம். அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

காரணம் இதுதான். சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடிந்து கிளம்பும் நேரம் பார்த்து கன்வேயர் பெல்ட் கிழிந்துவிட்டது. ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். பிட்டர் வேலையில் இருப்பவன், "எனக்குக் கோயிலில் ஓலை வாசிக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு ஓடிவர முடியுமா? அன்று சாயங்காலமே பூத்திலிருந்து உங்கள் வீட்டுப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் செய்து அண்ணனிடம் இதையே சொன்னேன். அவர் "அப்படியா, சரிங்க" என்று வைத்துவிட்டார். அந்தச் "சரிங்க" எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசித்தாக வேண்டும், வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. 23-ஆம் தேதி கல்யாணம். அதை விட்டால் தவக்காலம் வந்துவிடும், ஈஸ்டர் வரை எந்தக் கோயிலிலும் கல்யாணம் இல்லை. அண்ணனிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும்.

கையெழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டே எழுதுகிறேன்.

அன்புடன்,
கிளமென்ட்


மேல்பட்டாம்பாக்கம்
14.2.1998

திரு. கிளமென்ட் அவர்களுக்கு,

நலமா என்று விசாரித்து ஆரம்பிக்க இப்போது எனக்கு மனம் இல்லை.

நெய்வேலியிலேயே பிறந்து வளர்ந்தவர் நீங்கள். அந்த ஊரில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், ஷிப்டைப் பற்றி மட்டும் சொல்ல முடியாது என்று வெளியூர்க்காரி எனக்கே தெரிகிறது. உங்களுக்குத் தெரியாதா? யாருக்கு என்றைக்கு எந்த ஷிப்ட் என்று பக்கத்து வீட்டுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஊர் அது.

பூசை முடிந்ததும் அண்ணன், உங்களுக்கு உடம்புக்கு ஏதோ என்று பதறிப்போய் உங்கள் குவார்ட்டர்சுக்குப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டு சிங்காரவேல் வாசலில் நின்றிருக்கிறார். "எனக்கும் அவனுக்கும் ஒரே ஷிப்ட்தானுங்க, இன்னிக்கு வீக்லி ஆப். விடியக்காலையே சைக்கிள எடுத்துகினு கெளம்பிட்டானே, கோயிலுக்கு வரலியா?" என்று கேட்டாராம். சூதுவாது தெரியாத மனிதர். மோர் கொடுத்து உட்கார வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்.

இதையெல்லாம் வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அண்ணன் சாயங்காலம் உங்கள் போனை எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் பெல்ட் கிழிந்த கதையைச் சொல்லச் சொல்ல அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா, தெரியவில்லை.

அடுத்தது உங்கள் கையெழுத்து. பஸ்ஸில் எழுதினால் எழுத்து ஆடும். உங்கள் எழுத்து ஆடவில்லை, ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அது இடது கையால் எழுதியது. கட்டுப்போட்ட கைகளை எட்டு வருஷமாகப் பார்க்கிறேன். வலது கைக்கு என்ன ஆனது?

நாளைக்கு மூன்றாவது ஓலை கிடையாது. அண்ணன் எங்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லி நிறுத்திவிட்டார்.

என் அக்கா மரியசெல்வியை நீங்கள் நிச்சயதார்த்தத்தில் பார்த்திருப்பீர்கள். பச்சைப் புடவை, ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் கரும்பு லாரி ஓட்டுகிறார். பத்து வருஷமாக "லோடு இறக்க நேரமாயிட்டுது" என்று ஒரே பாட்டு. வாயைத் திறந்தால் சாராய வாடை. முதலில் அக்கா சண்டை போட்டாள். பிறகு அழுதாள். இப்போது கேட்பதையே விட்டுவிட்டாள். கேட்டால் இன்னொரு பொய்யைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அதற்குக் கேட்காமல் இருப்பதே மேல் என்கிறாள். நான் அப்படி ஒரு வாழ்க்கை வாழ மாட்டேன்.

குடியா? வேறு பெண்ணா? எதுவாக இருந்தாலும் உண்மையை எழுதுங்கள். முடியாது என்றால் என் போட்டோவைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சோபியா


நெய்வேலி
18.2.1998

சோபியா,

குடி இல்லை. பெண்ணும் இல்லை. மீன்.

சிரிக்காதீர்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை, போட்டோவைக் கேட்காதீர்கள்.

ஊருக்கு வெளியே, சுரங்கத்திலிருந்து இறைக்கிற தண்ணீர் வந்து சேரும் ஏரி ஒன்று இருக்கிறது. மற்ற ஏரிகள் மாசி பங்குனியில் வற்றிவிடும், இது வற்றாது. அதன் கரையில் தூண்டில் போடுவதுதான் எனக்கு உள்ள ஒரே பைத்தியம். பத்து வருஷமாக இருக்கிறது. ஆப் கிடைத்தால் அங்கேதான். சிங்காரவேலும் சில நாள் வருவான், அன்றைக்கு வரவில்லை.

தாமரை இலைகளுக்கு நடுவே ஒரு விரால் இருந்தது. என் முழங்கை நீளம் இருக்கும். மூன்று வாரமாக என்னை ஏய்த்துக்கொண்டிருந்தது. பூசை ஏழரைக்குத்தானே, ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் போனேன். சரியாக ஆறே முக்காலுக்குச் சுருட்டப் போகிறேன், அது மேலே வந்து அடித்தது. மாட்டவில்லை. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று வீசினேன். தூண்டில் முள் தாமரைத் தண்டில் சிக்கிக்கொண்டது. ஆத்திரத்தில் வெடுக்கென்று இழுத்தேன், பிய்த்துக்கொண்டு பறந்து வந்து என் வலது கட்டைவிரலில் ஏறிவிட்டது. விராலுக்குப் போடுவது மூன்று முள் சேர்ந்த தூண்டில். ஒன்று விரலுக்குள், இரண்டு வெளியே. ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், முள்ளை வெட்டி எடுத்து ஊசி போட்டு வெளியே வரும்போது மணி பத்து. இவ்வளவுதான் நடந்தது.

இதை அப்படியே சொல்லியிருந்தால் அண்ணன் இரண்டு திட்டு திட்டிவிட்டு விட்டிருப்பார். ஏன் சொல்லவில்லை? வெட்கம். பெண் பார்க்க வந்த அன்று அண்ணன், "மாப்பிள்ளைக்குப் பழக்கம் ஏதாவது?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். தூண்டில் போடுகிறவன் என்றால் வேலைவெட்டி இல்லாதவன் என்றுதானே எல்லோரும் நினைக்கிறார்கள்? முப்பது வயது ஆண்பிள்ளை, பெர்மனன்ட் வேலையில் இருப்பவன், ஒரு மீனுக்காகத் தன் கல்யாண ஓலையைக் கோட்டை விட்டான் என்று எந்த வாயால் சொல்வது? பூத்துக்குள் நுழையும் வரை உண்மையைச் சொல்வதாகத்தான் இருந்தேன். போனை எடுத்ததும் வாய் தானாக "ஓவர்டைம்" என்றது. ஒன்று சொன்னபிறகு அதை நிமிர்த்திப் பிடிக்க இன்னொன்று. உங்களுக்கு எழுதிய கடிதம் வரை வந்துவிட்டது.

ஆனால் இதோடு முடிந்தது. கோயிலில் போய்ச் சத்தியம் செய்துவிட்டேன். விபூதிப் புதன் தொடங்கி, இந்தத் தவக்காலத்துக்கு மட்டும் இல்லை, என் ஆயுசுக்கும் தூண்டிலைத் தொட மாட்டேன். கழி, ரீல், நரம்பு, முள் பெட்டி எல்லாவற்றையும் சிங்காரவேலிடம் கொடுத்துவிட்டேன். இப்போதாவது திருப்திதானே?

கிளமென்ட்


மேல்பட்டாம்பாக்கம்
24.2.1998

கிளமென்ட் அவர்களுக்கு,

நேற்று நமக்குக் கல்யாண நாள். நான் காலை டூட்டிக்குப் போனேன். எட்டு பேருக்கு ஊசி, இரண்டு பிரசவம். மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. உங்களிடம் உண்மை கேட்டுவிட்டு நான் மட்டும் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "மீன்" என்ற இடத்தில் எனக்குக் கெட்ட கோபம் வந்தது. இதற்குத்தானா என் அண்ணனைத் தலைகுனிய வைத்தார் என்று. முள் ஏறிய இடத்தில் சிரிப்பும் வந்தது. பிறகு சத்தியம் பண்ணிய இடத்துக்கு வந்ததும் முதலில் வந்ததைவிடப் பெரிய கோபம்.

உங்களைத் தூண்டிலை விடச் சொல்லி நான் கேட்டேனா? என் கடிதத்தில் எங்கேயாவது அப்படி இருக்கிறதா? பொய் சொல்லாதீர்கள் என்றேன். அது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதனால் நான் கேட்காத ஒன்றைத் தூக்கி என் காலடியில் போடுகிறீர்கள். நாளைக்குக் கல்யாணமாகி, குழம்பில் உப்பு கூடிய ஒரு நாளில் "உனக்காக நான் எதையெல்லாம் விட்டேன் தெரியுமா" என்று சொல்லிக் காட்டுவீர்கள். சொல்லாவிட்டாலும் முகத்தில் தெரியும். எனக்கு அது வேண்டாம் சாமி.

சத்தியம் பண்ணியது உங்கள் பாடு, கடவுள் பாடு. என் பாடு வேறு. ஈஸ்டர் வரைக்கும் எப்படியும் கல்யாணம் கிடையாது. அதுவரைக்கும் நீங்கள் என்ன செய்தீர்கள், எங்கே இருந்தீர்கள் என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். நல்லதை மட்டும் பொறுக்கி எழுத வேண்டாம். ஈஸ்டர் ஆனதும் நான் முடிவு சொல்கிறேன்.

இன்னொன்று. ஒரு மீனுக்காக ஒரு மனிதர் கோயிலையே மறக்கிறார் என்றால் அங்கே என்னதான் இருக்கிறது? அதையும் எழுதுங்கள். எனக்குப் புரிய வேண்டும்.

கட்டைவிரலில் கட்டைப் பிரித்துவிட்டீர்களா? வீக்கமோ சூடோ இருந்தால் உடனே போய்க் காட்டுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள் என்று எதையாவது அப்பி வைக்காதீர்கள்.

சோபியா


நெய்வேலி
2.3.1998

சோபியா,

விரலில் வீக்கம் இல்லை. அம்மா அப்பிய மஞ்சளை உங்கள் கடிதம் வந்த அன்றே கழுவிவிட்டேன். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

புதன்கிழமை நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு அப்படியே செகண்ட் ஷிப்ட் போனேன். நேற்று ஞாயிறு பூசையில் முன் பெஞ்சில் இருந்தேன். பிரசங்கத்தில் பாதி காதில் விழவில்லை. வெளியே மேகம் போட்டு இதமாக இருந்தது, இந்த நேரத்தில் ஏரியில் விரால் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் என்று மனசு அங்கேயே போனது. உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். யாரும் இதுவரை என்னை இப்படிக் கேட்டதில்லை, அதனால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். பெல்ட்டுக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறேன். அந்த இரைச்சல் வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சோறு தின்னும்போதும் ஓடும், படுத்தாலும் ஓடும். கரையில் போய் மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு மிதப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், அரை மணியில் அது நின்றுவிடும். நின்றது எனக்கே தெரியாது. திடீரென்று ஒரு நாரை கத்துவது கேட்கும், அப்போதுதான் தெரியும்.

புழுவுக்குக் கெண்டையும் ஜிலேபி மீனும் வரும். விரால் ராஜா, அவருக்குத் தவளைதான் வேண்டும். உயிரோடு தவளையைக் குத்த எனக்கு மனம் வராது. அதனால் ரப்பரில் தவளை செய்தேன். முதலில் கழித்துப் போட்ட பெல்ட் துண்டில் செதுக்கினேன், கல்லு மாதிரி முழுகிப்போனது. பிறகு ஹவாய் செருப்பை வெட்டிச் செதுக்கினேன், அருமையாக மிதந்தது. இலை மேல் போட்டு, இலையிலிருந்து தண்ணீருக்குள் மெல்ல இறக்கி, தத்தித் தத்தி இழுக்க வேண்டும். இழுக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும் பாருங்கள், அதை எப்படி எழுதுவது? பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் காபித் தட்டோடு வந்தபோது அப்படித்தான் அடித்துக்கொண்டது.

அன்று புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தேனே, பழையது தவளையாகிவிட்டதால்தான்.

கிளமென்ட்


மேல்பட்டாம்பாக்கம்
10.3.1998

கிளமென்ட் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நானும் கோணல் கையெழுத்தில்தான் எழுதுகிறேன். காரணத்தைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது.

ஞாயிறு பூசை முடிந்து நானும் அக்காவும் பெண்ணையாற்றுக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் ஓடவில்லை, அங்கங்கே மடுவாகத் தேங்கி நிற்கிறது. அண்ணன் சின்ன வயசில் வைத்திருந்த மூங்கில் கழி பரணில் கிடந்தது. நரம்பும் முள்ளும் மளிகைக் கடையிலேயே கிடைத்தது. புழுவைத் தொட எனக்கு ஒன்றும் அருவருப்பு இல்லை, அதைவிட மோசமானதையெல்லாம் தினம் தொடுகிறேன். ஆனால் காய்ந்த மண்ணில் எங்கே தோண்டுவது? எங்கள் வார்டு ஆயா மாரியம்மாள் ஒரு வழி சொன்னாள். தவிட்டில் சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகை ஊற்றி, கொஞ்சம் மைதா போட்டுக் கெட்டியாகப் பிசைந்து உருண்டை பிடிக்க வேண்டும். அவள் வீட்டுக்காரர் ஆலையில்தான் வேலை பார்க்கிறார், ஒரு டப்பா பாகு கொண்டுவந்து கொடுத்தாள். இந்த இரை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரியுமென்றாலும் தெரியாது என்றே சொல்லுங்கள்.

முதலில் அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. நானும் அக்காவும் பேசிக்கொண்டிருந்தோம், பிறகு பேசாமல் இருந்தோம். திடீரென்று மிதப்பு அமுங்கியது. அம்மாடி, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அக்கா "இழுடி, இழுடி" என்று கத்துகிறாள். இழுத்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கெண்டை! அதன்பிறகு இன்னொரு கெண்டை. மூன்றாவதாக ஒரு கெளுத்தி. அதை முள்ளிலிருந்து எடுக்கப் போய் அது தன் முள்ளால் என் விரலில் குத்திவிட்டது. நர்சாக இருந்து என்ன பிரயோஜனம், ஊரே கேட்கிற மாதிரி அலறினேன்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வலது கை கட்டவெரலு! ஜோடிப் பொருத்தம் இதுக்கு மேல என்னாடி வேணும்?" என்கிறாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷமாயிற்று தெரியுமா? எனக்கு வலியே மறந்துவிட்டது.

ஒரு மணிக்கு வருகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனோம். திரும்பும்போது மூன்று. அம்மாவிடம் திட்டு வாங்கினோம். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று நீங்கள் எழுதியது எனக்கு இப்போது புரிகிறது. புரிந்துவிட்டது என்பதால் மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சோபியா


நெய்வேலி
22.3.1998

சோபியா,

இந்தக் கடிதத்தை எழுதவே கூடாது என்று நேற்று முழுக்க நினைத்தேன். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சத்தியத்தை மீறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஆப். சிங்காரவேல் லீவு போட்டுவிட்டு மாமனார் ஊருக்குப் போயிருக்கிறான். ஏரியைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று சைக்கிளை எடுத்தேன். "சும்மா" என்பது பொய். வீட்டில் இருந்த அவன் மனைவி காந்திமதி அண்ணியிடம் கேட்டு என் கழியை வாங்கிக்கொண்டு போனவன் சும்மா பார்க்கவா போவான்? உங்கள் கெண்டையும் ஒரு காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. பழியை உங்கள் மேல் போட மாட்டேன். நான்தான் போனேன், நான்தான் வீசினேன்.

மூன்றாவது வீச்சில் அது அடித்தது. அதே விரால். கரைக்கு இழுத்துப்போடுவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. இரண்டரைக் கிலோ இருக்கும். புல்லில் கிடந்து துள்ளுகிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஐயோ என்று தலையில் கைவைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு வெட்கம், இரண்டும் ஒன்றாக வந்தது. திருப்பி விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விடவில்லை.

வீட்டுக்கு எடுத்துப் போனேன். "ஏதுடா?" என்று அம்மா கேட்டார். "சிங்காரவேல் குடுத்தான்" என்றேன். பாருங்கள், மறுபடியும். அவன்தான் ஊரிலேயே இல்லையே! தவக்கால வெள்ளிக்கிழமை, கறி கிடையாது, மீன் சாப்பிடலாம் என்று அம்மா மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார். குழம்பு ரொம்ப நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலையில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "எனக்குத் தெரியாதாடா, ஒன் பேண்ட்டு பூரா சேறு" என்றார். இன்று உங்களிடம் சொல்கிறேன்.

இனி நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் சரி. போட்டோவை அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடுகிறேன். அனுப்ப மனம் வராது, ஆனால் அனுப்பிவிடுவேன்.

கிளமென்ட்


மேல்பட்டாம்பாக்கம்
28.3.1998

அன்புள்ள கிளமென்ட்,

ஈஸ்டர் வரைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. முடிவை இப்போதே சொல்கிறேன். ஏப்ரல் 19, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, இரண்டு கோயிலிலும் மூன்றாவது ஓலை வாசிப்பார்கள். மே 4 திங்கட்கிழமை கல்யாணம். உங்களுக்கு லீவு கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்கும் என்று சொல்வதற்கு முன்னால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததும் டிஸ்பென்சரி ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். மாரியம்மாள் பயந்துபோய் "மாப்ள வேணான்னுட்டாரா?" என்கிறாள். இல்லை மாரியம்மா, மீன் பிடித்தாராம் என்றேன். எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டாள். சத்தியத்தை மீறினது எனக்குச் சந்தோஷம் இல்லை. யாரும் பார்க்காத ஒன்றை, யாரும் கேட்காமல், உங்களுக்கே கெடுதல் என்று தெரிந்தும் எழுதினீர்களே, அதுதான். என் அக்கா பத்து வருஷமாகக் காத்திருப்பது இப்படி ஒரு கடிதத்துக்குத்தான்.

அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். கோபமாகத்தான் ஆரம்பித்தார். "குழம்பு ரொம்ப நன்றாக இருந்தது" என்ற இடத்தில் சிரித்துவிட்டார். "போனாப் போவுது, மனுஷன்தான் அவன்" என்றார்.

அந்தச் சத்தியத்தை உங்கள் சாமியாரிடம் சொல்லி எடுத்துவிடச் சொல்லுங்கள். செய்திருக்கவே கூடாத சத்தியம் அது.

இப்போது நான் சொல்ல வேண்டியது. இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மூன்றாவது ஓலையை நிறுத்தியது அண்ணன் இல்லை. நான். அண்ணன் கோபத்தில் இருந்தாலும் "கண்ணாலம் முடியட்டும்மா, நேர்ல பாத்துக் கேட்டுக்கலாம்" என்றுதான் சொன்னார். நான்தான் தனியாகப் போய்ச் சாமியாரைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். உங்களிடம் அண்ணன் மேல் போட்டு எழுதினேன். நான் நிறுத்தினேன் என்று தெரிந்தால் என்னை இரக்கமில்லாதவள் என்று நினைத்துவிடுவீர்களோ என்று பயம். உங்களிடம் உண்மை உண்மை என்று அத்தனை கடிதத்தில் கேட்டவள், ஆறு வாரமாக ஒரு பொய்யை வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

சோபியா


நெய்வேலி
3.4.1998

சோபியா,

லீவு கேட்டுவிட்டேன். ஏப்ரல் 30-லிருந்து பத்து நாள். கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

சாமியாரிடமும் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாருப்பா உன்ன இப்படிச் சத்தியம் பண்ணச் சொன்னது?" என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன். எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக ஈஸ்டர் வரை ஞாயிறுதோறும் கோயில் பெருக்கச் சொல்லியிருக்கிறார். பெருக்குகிறேன்.

நீங்கள் சொன்ன விஷயம் எனக்குத் தெரியும். பிப்ரவரி 15-ஆம் தேதி ஓலை வாசிக்காததும் பதறிப்போய் நான் எங்கள் சாமியாரிடம்தான் ஓடினேன். "பொண்ணே நேர்ல வந்து நிறுத்தச் சொல்லுச்சாம், அவங்க ஊர்ச் சாமியார் போன் பண்ணாரு" என்றார். இரண்டு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது, அதில் அண்ணன் என்று இருந்தது.

கோபம் வந்ததா என்றால், வந்தது. அதைவிடப் பயம் வந்தது. அண்ணன் நிறுத்தியிருந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பேன். நீங்களே நிறுத்தினீர்கள் என்றால் நான் எங்கே போவது? நடந்ததை ஒன்று விடாமல் எழுதியது அந்தப் பயத்தில்தான். பிறகு, பொய் சொன்ன நான் உங்களை எந்த முகத்தோடு கேட்பது என்று விட்டுவிட்டேன். நீங்களாகச் சொன்னால் சொல்லட்டும், சொல்லாவிட்டாலும் போகட்டும் என்று இருந்தேன். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தது பொய்யில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை. சேரும் என்றால் என்னையும் திட்டுங்கள், இருவரும் சரிக்குச் சரி.

இரக்கமில்லாதவள் என்று நினைக்கவில்லை. நிறுத்தினீர்களே, அதனால்தான் நான் உங்களுக்கு உண்மையாக ஒரு கடிதமாவது எழுதினேன். இல்லாவிட்டால் ஓவர்டைம் மாப்பிள்ளையைத்தான் கட்டியிருப்பீர்கள்.

பாகு உருண்டைக்கு மைதா எவ்வளவு? என் கைக்கு வரவே மாட்டேன் என்கிறது, தண்ணீரில் போட்டதும் கரைந்துபோகிறது.

கிளமென்ட்


மேல்பட்டாம்பாக்கம்
19.4.1998, ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள கிளமென்ட்,

இன்று காலை ஓலை வாசிக்கும்போது நான் எங்கள் கோயிலில் இல்லை. உங்கள் கோயிலில் இருந்தேன்.

விடிவதற்குள் அக்காவை எழுப்பி, முதல் பஸ்ஸைப் பிடித்து நெய்வேலிக்கு வந்துவிட்டோம். கல்யாணப் பெண் மாப்பிள்ளை ஊர்க் கோயிலுக்கு ஓலை கேட்க வருவாளா என்று அம்மா கத்தினார். உங்கள் ஊர்ப் பூசை எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் வந்தேன் என்று எழுத நினைத்தேன். எழுத மாட்டேன். கொஞ்சம் நம்பிக்கை இல்லாமல்தான் வந்தேன். பெண்கள் பக்கம் கடைசித் தூணுக்குப் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஏழு மணிக்கு உங்கள் அம்மா வந்தார். முன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். ஏழு பத்து, நீங்கள் இல்லை. ஏழு இருபது, இல்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்துருவாருடி" என்கிறாள். யார் சொல்வது பாருங்கள், பத்து வருஷமாக யாரையும் நம்பாதவள்.

ஏழரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வெளியே சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். வேப்பமரத்தில் ஒரு தூண்டில் கழி சாய்ந்திருக்கிறது. நீங்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வருகிறீர்கள். வெள்ளைச் சட்டை, தலை சீவியிருக்கிறது, எல்லாம் சரி. பேண்ட் முழங்கால் வரைக்கும் ஈரம். நடுக்கோயிலில் நடந்து போன வழியெல்லாம் தரையில் ஈரக் கால் தடம். உங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்.

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். அக்காவும்தான். பிறகு சாமியார் உங்கள் பெயரையும் என் பெயரையும் சேர்த்து வாசித்தார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். கோயிலே அமைதியாக இருந்தது. உங்கள் காதில் பெல்ட் சத்தம் நின்றுவிடும் என்று எழுதினீர்களே, அது எப்படி இருக்கும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது.

நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம். தரையில் இருந்த ஈரத்தைத் தாண்டித்தான் வந்தோம்.

மே 4 காலையில் பூசை ஒன்பது மணிக்கு. அன்றைக்கும் ஏரிக்குப் போகத் தோன்றினால் போய்விட்டு வாருங்கள், நான் தடுக்கவில்லை. கோயிலுக்குள் வரும்போது மட்டும் காலைத் துடைத்துக்கொண்டு வாருங்கள். நான் பட்டுப் புடவையில் இருப்பேன்.

உங்கள்
சோபியா